வட்டமிட்ட விலைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். ஒன்பது முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

முதலில் செய்தி. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. தொழில்முறைப் பொருளாதாரம், முதுகலை, இரண்டு ஆண்டு. நாம் இருவரும் ஒரே நாளில் போட்ட விண்ணப்பம். உங்களுடையதை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், விசாரணை முடியும் வரை.

எனக்கு இன்னும் ஒரே ஒரு சான்று பாக்கி. பட்டச் சான்று, கணிதத்தில் அறுபது விழுக்காடு, மூன்று ஆண்டுப் பணி அனுபவம், எல்லாம் சரிபார்த்துவிட்டார்கள். 'இவர் மீது எந்த விசாரணையும் நிலுவையில் இல்லை' என்று அலுவலகம் எழுதித் தர வேண்டும். முப்பதாம் தேதிக்குள். உங்கள் விளக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் கெடு இருபத்தெட்டு.

நம் விலைக் கணக்கெடுப்பு அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. உங்களைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்த மறுநாளே உங்கள் மேசைமேல் பழைய விலைப் படிவங்களை அடுக்கிவிட்டார்கள். கண்காணிப்பாளர் தசமம் (நீங்கள் வைத்த பெயர் இன்னும் ஓடுகிறது) எல்லோர் முன்னாலும், "ரெண்டு பொருளாதார மேதைங்கள்ல ஒண்ணு மாட்டிக்கிச்சு, ஒண்ணு பறக்கப் போகுது" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாரோ மொட்டைக் கடிதம் போட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை. என் சேர்க்கைக் கட்டுரைதான்.

'உங்கள் பணியில் கண்ட ஓர் அளவீட்டுப் பிழை' என்று ஆயிரம் சொல் கேட்டிருந்தார்களே. நீங்கள் வீட்டு வாடகையை எடுத்துக்கொண்டீர்கள். நான் மருந்துக்கடையை எடுத்துக்கொண்டேன். கடை பூட்டியிருந்தால் போன மாத விலையையே எழுதி, மேலே ஒரு வட்டம் போடலாம்; இரண்டு மாதம் வரை. மூன்றாம் மாதம் வேறு கடை தேட வேண்டும். நாம் பதினொரு மாதம் வட்டம் போட்டோம். சர்க்கரை மாத்திரையின் விலை நம் தாளில் அசையவே இல்லை. வாங்குகிறவர்களுக்கு எவ்வளவு ஏறியது என்று நமக்குத் தெரியாது. அந்தப் பிற்பகல்களில் நாம் பேருந்து நிலையக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து நுண்கணிதம் போட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் பட்டத்தில் கணிதம் இல்லை. இணைப்புத் தேர்வில் தேறாமல் உங்களுக்கு நுழைவே கிடையாது.

கட்டுரையில் பெயர் இல்லை. தெரு இல்லை. 'ஒரு களப்பணியாளர்' என்றுதான் எழுதினேன். ஆனால் அட்டவணையில் கடையின் குறியீட்டு எண்ணையும் சேர்த்தே தட்டச்சு செய்துவிட்டேன். எண் இல்லாமல் ஒரு விலையை எழுத நம் கைக்கு வராது, அக்கா. திருத்திய பேராசிரியர் விலைக் குறியீட்டு மறுஆய்வுக் குழுவிலும் இருப்பவர். எண்ணைத் தேடிப் பார்த்தார். அங்கே கடையே இல்லை, இடித்துவிட்டிருந்தார்கள். பதிவேட்டில் அந்தத் தெரு உங்கள் பெயரில் இருந்தது. மாதம் மாற்றி மாதம் நாம் இருவரும் அந்தத் தாளை நிரப்பினோம் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

உனக்கு எப்படித் தெரியும் என்று தசமம் கேட்டார். பக்கத்து மேசை, கண்ணில் பட்டது என்றேன்.

ஐந்து மாதம் உங்களுடையது. ஆறு என்னுடையது.

விளக்கத்தில் உண்மையை எழுதுங்கள். என் பெயரையும் எழுதுங்கள். அதுதான் நியாயம். ஆனால் ஒரு வாரம் அவகாசம் கேட்டால் தருவார்களாம், விசாரித்தேன். முப்பதுக்குப் பிறகு எழுத முடியுமா?

கேட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள்,
பக்கத்து மேசை

*

அக்காவுக்கு,

சான்று கிடைத்தது. சேர்ந்துவிட்டேன்.

உங்கள் விளக்கம் இருபத்தேழாம் தேதியே வந்துவிட்டதாம். உறையைப் பிரித்த தபால் பிரிவுக்காரர் சொன்னார்: "ரெண்டே வரிதாம்மா. பதினொண்ணும் நான்தான் போட்டேன், வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லன்னு எழுதியிருக்காங்க. அண்ணன் வீட்ல போய் உக்காந்துக்கிட்டு, அண்ணி வாயில விழுந்துக்கிட்டு, எதுக்கும்மா இந்தத் தலையெழுத்து அவங்களுக்கு?" நான் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

நான் கேட்டது ஒரு வாரம். அதை மட்டும் தந்திருக்கலாம்.

விடுதி அறையில் இரண்டு கட்டில். ஒன்றுக்கு இன்னும் ஆள் வரவில்லை. முதல் ஆண்டில் நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், பொருளாதார அளவியல். இரண்டாம் ஆண்டில் ஆறு மாதம் ஏதாவது அலுவலகத்தில் பயிற்சி. தொழில்நெறி என்று ஒரு தாள் உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. அதை நடத்துகிறவர் அதே பேராசிரியர். முதல் வகுப்பில் என் கட்டுரையை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். எண் இருந்த கட்டத்தை மட்டும் கறுப்பு மையால் அடைத்திருந்தார். நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்றார். பக்கத்தில் இருந்த பெண் என் காதில், "எப்படிங்க இவ்வளவு தைரியம் வந்துச்சு?" என்று கேட்டாள்.

கையேட்டைப் படித்தேன். இணைப்புத் தேர்வு மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். உங்களுக்கு எழுபத்தொன்று. இன்னும் இரண்டு முறை விண்ணப்பிக்கலாம், உங்கள்மேல் விசாரணை இல்லையென்றால்.

நம் களக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. ஆறு மாதம் என் கையெழுத்தில். பேராசிரியரின் அறை விடுதிக்கு எதிர்க் கட்டடம்தான். அதைக் காட்ட இரண்டு முறை போனேன். முதல் முறை பூட்டியிருந்தது, நிம்மதியாக இருந்தது. இரண்டாம் முறை அவரே நிமிர்ந்து பார்த்து "என்னம்மா?" என்றார். நூலக அட்டை எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நானாகச் சொல்ல மாட்டேன், அக்கா. இவ்வளவு நாளில் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான். நீங்கள் சொன்னால் போவேன். திட்ட வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். இதனுடன் ஓர் அஞ்சலட்டை வைத்திருக்கிறேன். என் முகவரியை நானே எழுதிவிட்டேன். மறுபக்கம் 'போய்ச் சொல்' என்று மட்டும் எழுதித் தபாலில் போடுங்கள்.

தயவுசெய்து போடுங்கள்.

உங்கள் தங்கை