மழையில்லாமல் ஓடிய வைப்பர்

என்னங்க,

உங்களுக்கு இன்று லீவு என்று எழுப்பவில்லை. சாதம் குக்கரில் இருக்கிறது, குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வருவார். என் மேல் இருக்கும் கோபத்தில் கதவைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள்.

நேற்றைய பேச்சை எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. நம் ஊர் லைசென்ஸ் இந்த நாட்டில் ஒரு வருஷம் செல்லும், சரி. உங்கள் கைதான் இன்னும் ஊரை விட்டு வரவில்லை. இந்தக் காரில் இரண்டும் பக்கம் மாறியிருக்க, இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டுகிறீர்கள். "மழையே இல்லையே, அப்பா ஏம்மா கண்ணாடியத் தொடைக்கிறாரு?" என்று பாப்பா கேட்டபோது சிரித்தோம். நேற்று அதே பாப்பா பின்சீட்டில் இருக்க, வளைவில் திரும்பியதும், வலப்பக்கம் ஓட்ட வேண்டிய ரோட்டில் நம் ஊர் நினைப்பில் இடப்பக்கம் ஏறிவிட்டீர்கள். எதிரே லாரி. நான் கத்தினேன். வீட்டுக்கு வந்து, "நீ கத்துனதாலதான் கை தடுமாறிச்சு" என்றீர்கள். நான் கத்தாமல் இருந்திருந்தால் இதை எழுத இன்று ஆள் இருந்திருக்காது.

பாப்பாவை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன்.

சாவியை ஒளித்து வைத்திருப்பேன் என்று வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். அதே ஆணியில்தான் தொங்குகிறது. நீங்கள் ஓட்டுவது உங்கள் இஷ்டம்.

சொல்ல விட்டுப்போச்சு: பாப்பாவை உட்கார்த்திக் கட்டும் குழந்தை சீட்டை மட்டும் காரிலிருந்து கழற்றி ஹாலில் வைத்திருக்கிறேன். எனக்குக் கழற்றத்தான் தெரிந்தது, மாட்டத் தெரிந்தவர் நீங்கள்தான். கையும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததும் மாட்டுங்கள்.