மஞ்சள் காலும் ‘கலப்பு’ என்ற சொல்லும்

என் உயிரான நானாவுக்கு,

கண்டக்குழி மையவாடியில் உங்கள் மண்ணறைக்குப் பக்கத்தில் நின்று சலாம் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நின்று கோபப்படக் கூடாது. அதனால்தான் இங்கே எழுதிக் கொட்டுகிறேன்.

உங்கள் மகள் ஷிபானாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தில்லையடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேயே ஆசிரியர். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. வாப்பா இல்லாத பிள்ளைக்கு வாப்பாவின் தம்பி நான்தான் வலி, நிக்காஹ்வுக்குப் பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவன் நான்.

மாப்பிள்ளையின் உம்மாவுக்கு ஊர்க்கோழி என்றால் உயிராம். மதினி இரண்டு கோழிகளைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார். அந்த மனுசி வந்ததும் வராததுமாகக் குசினிப் பக்கம் போய், கோழியின் காலைத் தூக்கிப் பார்த்தார். நம் பக்கத்தில் எல்லோரும் பார்ப்பதுதானே?

“நல்ல மஞ்சக் கால். கலப்பில்லாத ஊர்க்கோழிதான்” என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் மற்றக் கதை வந்தது. “புள்ளைய எங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி. ஆனா கலப்புத்தானே? உம்மாட சிங்கள ஆக்கள் நிக்காஹ்வுக்கு வராட்டி நல்லம். எங்கட குடும்பத்துல கதைப்பாங்க.”

மதினி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார். சிலாபத்திலிருந்து உங்களை நம்பி வந்து, கலிமா சொல்லி, இருபத்தைந்து வருடமாக இந்த வீட்டில் நோன்பு பிடிக்கிறவர். அவருக்கு அந்தச் சொல் விளங்காது என்று நினைத்தார்களா? விளங்கினாலும் பரவாயில்லை என்று நினைத்தார்களா?

ஷிபானா குரலை உயர்த்தவே இல்லை. “மாமி, நீங்க பாத்த அந்த மஞ்சள்தான் கலப்பு” என்றாள்.

பிறகு வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். நம் ஊர்க்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதன் காலில் இந்த மஞ்சள் இல்லை. எந்தக் காலத்திலோ, இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி என்ற வேறோர் இனம் வீட்டுக்கோழியோடு சேர்ந்திருக்கிறது. பிறந்த குஞ்சுகள் வளர்ந்து மறுபடி வீட்டுக்கோழிகளோடே சேர்ந்தன. தலைமுறை போகப்போகச் சாம்பல் கோழியின் மற்ற அடையாளமெல்லாம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. மஞ்சளுக்கான மரபணு மட்டும் இனம் தாண்டி வந்து நிலைத்துவிட்டது. நாம் சுத்தத்துக்குச் சாட்சியாகத் தூக்கிப் பார்ப்பது அதைத்தான்!

“கோழிட கதையும் மனுசர்ட கதையும் ஒண்டா?” என்று அந்த மனுசி கேட்டார்.

ஒன்றில்லைதான், நானா. அங்கே இருந்தது இரண்டு இனம். மனிதரில் ஏது இரண்டு இனம்? சிலாபமும் கண்டக்குழியும் சேர்ந்தால் எது கெட்டுப்போகிறது? உண்மையான கலப்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, இல்லாத கலப்புக்கு முகம் சுளிக்கிறார்களே, இது என்ன நியாயம்?

இதையெல்லாம் நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “யோசிச்சுச் சொல்றன்” என்று சொன்னேன். அவர்கள் போன பிறகு ஷிபானா என்னைப் பார்த்தாள்.

“இதுல யோசிக்க என்ன இரிக்கி, சாச்சா?”

வெட்கத்தில் என் தலை குனிந்துவிட்டது. என் கோபத்தில் பாதி என் மீதுதான். உங்கள் நிக்காஹ் அன்று, கடல் சரியில்லை, வள்ளத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று ஆள் அனுப்பினேனே. அன்று கடல் நன்றாகத்தான் இருந்தது. ‘கலப்பு’ என்ற இதே சொல்லைத்தான் நானும் கூட்டாளிமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும். ஒருநாளும் கேட்காமலே போய்விட்டீர்கள். ஏன் நானா, கேட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் விடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய், மதினியின் ஆட்கள் வராமல் நிக்காஹ் இல்லை என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை. ஷிபானா பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. “உம்மாட ஆக்கள் இல்லாத கலியாணம் எனக்கு வேணாம்” என்கிறாள்.

இவரோ வேறொருவரோ, அந்த நாள் வரும். அன்று மதினியின் அண்ணன் முன்வரிசைக் கதிரையில் இருப்பார். அவர் இருந்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு நான் கையை நீட்டுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் நிக்காஹ்வுக்கு வராத தம்பி