எத்தனை பைப்பு வந்துச்சு?

நேற்று மதியம் மகன் வீட்டுக் கூடத்தில் தூங்கிப்போயிருந்தேன். ஏதோ உருண்டு வந்து என் பாதத்தில் இடித்து நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு பகடை. இருபது முகம். பேத்தியும் அவள் தோழிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மந்திரவாதி, வில்லாளி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "பாட்டி, அதுல என்ன நம்பர் விழுந்திருக்கு? எடுக்காம பார்த்துச் சொல்லுங்க!" என்று கத்தினாள் பேத்தி. நான் எண்ணைப் பார்க்கவில்லை. பாதி விழிப்பில் உன் விரல்களைத்தான் பார்த்தேன். நகக்கண்ணில் இந்தியன் மசி, சுண்டுவிரலில் ஒட்டிய டிரேசிங் தாளின் மெல்லிய தூள்.

அரூரில் நம் குடிநீர்ப் பிரிவு அலுவலகம் ஓர் அரிசி மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. நீ டிரேசர், வரைபடங்களை மசியில் நகலெடுப்பவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தர்மபுரியில் உன் குடும்பத்துக்குத் துணிக்கடை. வேலைக்காக அரூரில் உன் சாச்சி, அதாவது சித்தி, வீட்டில் தங்கியிருந்தாய். நான் சேலத்திலிருந்து வந்த புது ஜே.ஈ., இளநிலைப் பொறியாளர். இருபத்து நான்கு வயது. அந்த மாடியில் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். வந்த முதல் நாளே, "ஜே.ஈ.யம்மா, சோறு கொண்டாந்தியா, இல்ல படிப்ப மட்டும் கொண்டாந்தியா?" என்று கேட்டு உன் டிபன் பாக்ஸைத் திறந்தாய். அன்றிலிருந்து நீ எனக்கு "நீ".

மூன்று பேர் என் கீழே வேலை செய்தார்கள். ஃபிட்டர் மாதையன், மொரப்பூர்ப் பக்கம், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குத் துணையாக பச்சையப்பன். ஜீப் ஓட்ட சின்னசாமி. கிராமம் கிராமமாகப் போய் பழுதான அடி பம்புகளைச் சரிசெய்வது வேலை. மழை பொய்த்த காலம் அது. நீர் கீழே போகப் போக பம்புகள் ஒவ்வொன்றாகக் காற்றை இறைத்தன.

நான் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தேன். பழுதான பம்புகளின் பட்டியல் அதில் இருக்கும். ஒன்று சரியானால் அந்த வரியை அழித்துவிடுவேன். அந்த இடத்தில் உடனே புதிதாக ஒன்று ஏறும். எட்டு மாதம் அந்த மூன்று பேரும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நின்றார்கள். அவர்கள் செய்து முடித்தது எதுவும் அதில் இருந்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பெண் ஜே.ஈ. எங்கேயும் தளர்ந்து தெரியக் கூடாது என்ற பயம் எனக்கு. அதனால் குறையை மட்டும் பேசினேன். ஒருநாள் மாதையன் ஒரு மனுவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தர்மபுரிக்கு மாற்றல் வேண்டுமாம்.

"ஏன் மாதையன்?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. இங்க எத்தன பண்ணாலும் தீர மாட்டேங்குது."

மேலே அனுப்பாமல் அதை டிராயரில் போட்டுப் பூட்டினேன். உன்னிடமும் சொன்னேன். பேனா நுனியைத் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்த சனிக்கிழமை ஜீப் பட்டறையில் கிடந்தது. மதியத்துக்கு மேல் யாருக்கும் வேலையில்லை. நீ பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தாய். வளைகுடாவில் வேலை பார்த்த உன் அண்ணன், ஊர் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்றது என்று கொண்டுவந்து கொடுத்ததாம். உள்ளே நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். பாதிப் பக்கம் கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. ராத்திரியெல்லாம் அதைப் படித்து, கிழிந்துபோன பாதியை நீயே இட்டுக்கட்டியிருந்தாய்.

"தாயம் மாதிரிங்களா?" என்று கேட்டார் சின்னசாமி.

"இதுல கட்டமே கெடையாதுண்ணா. நான் கத சொல்லுவேன். கதைக்குள்ள நீங்க நாலு பேரும் நடக்கணும். என்ன பண்றீங்கன்னு நீங்கதான் சொல்லணும். முடியுமா முடியாதாங்கறத பகட சொல்லும்."

வெட்கமும் சிரிப்புமாக உன் வரைமேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளுக்கொரு வேஷம். மாதையன் திருடனாக இருக்கிறேன் என்றார். "நெசத்துல ஆவாது, இதுலயாச்சும் இருந்துக்கறேன்." பச்சையப்பன் மூலிகை வைத்தியர். சின்னசாமிக்குக் குதிரை வேண்டும். அதை எங்கேயும் கட்டிவிட்டு வர மாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்தார். நான் தலைவி. வேறென்ன கேட்டிருப்பேன்?

அந்த மதியங்களை இப்போது நினைத்தால் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்கும். ஜன்னல் வெயில் டிரேசிங் தாள் வழியாகப் பால்போல வடிந்து உன் முகத்தில் படும். நீ குரலைத் தாழ்த்துவாய். நமக்குத் தெரிந்த மலைகள்தான், ஆனால் உன் கதையில் அவற்றுக்கு உள்ளே ஊர்கள் இருந்தன. கல்லாய்ப் போன ஏரிகள் இருந்தன. மூன்று வாரம் அந்த மலைக்குள் நடந்தோம்.

மூன்றாவது வாரம் ஒரு பூட்டிய கதவு வந்தது.

"கையில ஒரே ஒரு பந்தம். அதுவும் அணையப் போவுது. இந்தப் பூட்ட நூறு வருசமா ஒருத்தரும் தொறந்ததில்ல. என்ன பண்றீங்க?"

மாதையன் பகடையை இரு கையிலும் பொத்தி, கண்ணை மூடி உருட்டினார். பத்தொன்பது.

"தொறந்துருச்சு!" என்றாய்.

"சரி, உள்ள போலாம். அடுத்த ரூம்ல என்ன இருக்கு?" என்றேன் நான்.

நீ பகடைகளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாய். "போவ முடியாது."

"ஏன்?"

"உன் ஆளுங்க உக்காந்துட்டாங்க. வர மாட்டேங்கறாங்க."

"எதுக்கு?"

"நூறு வருசப் பூட்டத் தொறந்தவருக்கு நீ ஒரு வார்த்த சொல்லல."

நான் சிரித்தேன். "புதையல் கெடைக்கட்டும், எல்லாத்தையும் சேத்துச் சொல்லிக்கலாம்."

நீ சிரிக்கவில்லை. "புதையல் கடைசி ரூம்லதான் இருக்குதுன்னா, அதுவரைக்கும் இவங்க எத நம்பி நடப்பாங்க?"

பிறகு நீ மற்ற இருவரையும் பார்த்து, "பூட்டத் தொறக்கறப்ப அவருகிட்ட நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டாய். சின்னசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாதையண்ணன் கையி நடுங்கவேயில்லீங்க." பச்சையப்பன், "இருட்டுலயே தடவித் தடவி கண்டுபுடிச்சாரு. போர் கெணத்துல ராடு எங்க கழண்டுதுன்னு கண்டுபுடிக்கறாப்பல" என்றார்.

மாதையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் மனசாரச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவர் கைகளைப் பார்த்தேன். நூற்றியிருபது அடி ஆழத்தில் இருக்கும் கோளாறைக் கம்பியின் அதிர்வை வைத்தே சொல்லிவிடும் கைகள். எட்டு மாதமாக அவை என் எதிரே இருந்திருக்கின்றன.

திங்கட்கிழமை காலை உன்னிடம் சாக்பீஸைக் கொடுத்தேன். ஸ்கேல் இல்லாமல் கரும்பலகையை நேர்பாதியாகப் பிரித்து ஒரு கோடு போட்டாய். இடப்பக்கம் பாக்கி. வலப்பக்கம் முடிந்தது, யார் என்ன செய்தார் என்ற குறிப்போடு. மாலையில் வந்த பச்சையப்பன் தன் பெயரை முதல்முறையாக அங்கே பார்த்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று இன்னொரு தரம் படித்தார்.

ஆனால் உன் விளையாட்டு எனக்கு உண்மையாகவே புரிந்தது ஒரு மலையடிவாரத்து ஊரில்தான். ஊருக்கே ஒரு பம்பு. அது நின்றுபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பைப்புகளை மேலே இழுக்கும்போது பிடி நழுவியது. பன்னிரண்டு பைப்பும் ஒன்றாகப் போருக்குள் விழுந்தன. விழுந்த சத்தம் அடங்கவே நெடுநேரம் ஆனது. சுற்றிலும் வெறுங்குடங்களோடு பெண்கள். என் நாக்கின் நுனியில் மாதையன் மேல் ஒரு வசவு வந்து நின்றது. எப்படியோ விழுங்கினேன்.

மறுநாள் முழுக்க, கவ்வி எடுக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி இறக்கி ஏற்றினோம். சிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை மாதையன் கயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "புடிச்சிருச்சுங்க" என்றார், கோயிலில் பேசுகிற மெல்லிய குரலில்.

முதல் பைப்பு சேற்றோடு மேலே வந்தது. வழக்கமான நான் "சீக்கிரம், அடுத்தது" என்றிருப்பேன். அன்று கூட்டத்தின் நடுவே நின்று சத்தமாகச் சொன்னேன்: "ஒண்ணு வந்தாச்சு! நூத்தியிருவது அடிக்குக் கீழ இருந்தத மாதையன் கயித்த வெச்சே புடிச்சிட்டாரு!"

கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கிண்டலாகத்தான், ஒரு குலவை போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது பைப்புக்கு நான்கு பேர் குலவை போட்டார்கள். ஐந்தாவதுக்கு ஊரே போட்டது. சின்னசாமி எண்ணிக்கை சொன்னார். பச்சையப்பன் தோல் உரிந்த தோளோடு ஒவ்வொன்றையும் தாங்கினார். உச்சி வெயிலில், புழுதியில், அந்தக் குலவை மலையில் மோதித் திரும்பி வந்தது. உன் கதைகளில் ஒன்றுக்குள் நிற்கிறேனோ என்று எனக்கு ஒரு மயக்கம்.

பன்னிரண்டும் வந்தன. தேய்ந்த வாஷரை மாற்றி, பன்னிரண்டையும் திரும்ப இறக்கி, சாயங்காலம் கைப்பிடியை அடித்தோம். நூறு தரம் அடித்தோம். இருநூறு தரம் அடித்தோம். கொஞ்சம் சேறு, பிறகு காற்று.

தண்ணீர் இல்லை. நீர்மட்டம் பைப்புக்கும் கீழே போய்விட்டது. பெண்கள் எழுந்தார்கள். குடங்களை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். லாரித் தண்ணீருக்கு எழுதுகிறேன் என்று ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

பொழுது இறங்கியிருந்தது. அலுவலகம் பூட்டியிருக்கும் என்று நினைத்தோம். நீ மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய், பக்கத்தில் தூக்குவாளி நிறைய டீயோடு. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் தண்ணீர் வந்ததா என்று நீ கேட்கவில்லை.

"எத்தன பைப்பு வந்துச்சு?"

மாதையன் ஒரு நிமிஷம் உன்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "பன்னெண்டுங்க. பன்னெண்டும் வந்துச்சுங்க" என்றார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னசாமி ஒவ்வொரு பைப்பின் கதையையும் உனக்குச் சொல்ல ஆரம்பித்தார். டீ ஆறும்வரை சொன்னார். நடுவில் பச்சையப்பன் குலவை போட்டுக் காட்ட, கீழே மண்டிக்காரர் எட்டிப்பார்த்தார்.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே மூன்று பேரும் வந்து நின்றார்கள். "அந்த மனு இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார் மாதையன். எடுத்துக் கொடுத்தேன். நான்காகக் கிழித்து ஜன்னல் வழியாகக் காக்கைக்குப் போடுவதுபோல் போட்டார். ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் மாடியேறி வந்து, அந்த ஊர் பம்பில் தண்ணீர் வருகிறதாம், சொல்லச் சொன்னார்கள் என்றார். போரில் பைப்பு கிடந்திருந்தால் மழை பெய்தும் பயனில்லை. கரும்பலகையின் வலப்பக்கத்தில் எழுதினோம்.

ஆனால் சனிக்கிழமை விளையாட்டு அந்த டீயோடு நின்றுவிட்டது. "பெட்டி எங்கயோ போயிருச்சு" என்றாய். அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு மனத்தாங்கல். மறு வருஷம் உனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டாய். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது விசேஷத்தில் பார்த்துக்கொள்வோம். நீ நோயில் விழுந்தபோது தர்மபுரிக்கு வந்தேன். எப்போது குணமாகும், டாக்டர் என்ன சொல்கிறார் என்று அழுதுகொண்டே கேட்டேன். "கடைசி ரூமப் பத்தியே பேசாதடி. இன்னிக்கி அர இட்லி சாப்ட்டேன், தெரியுமா?" என்றாய். உன் மகளைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னோம். மூன்று பேரும் கை தட்டினோம்.

நீ போன அன்று நான் ஊரில் இல்லை. நாற்பதாம் நாளுக்குத்தான் வர முடிந்தது. உன் சாச்சி மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து பழசெல்லாம் பேசினாள். "ஒருநாள் விளக்கு வெச்சு வெகுநேரம் கழிச்சு அக்கா டீ வாளியோட வந்தாங்க. வூட்ல பெரிய சண்டை. ஆபீஸ் விட்டா ஒரு நிமிசம் நிக்கக் கூடாது, சனிக்கெழமைல ஆம்பளைங்களோட ஒக்காந்து வெளையாடறதெல்லாம் வேணாம்னு எங்க அத்தா சொல்லிட்டாரு. அக்கா ஒரு வாரம் சரியாவே சாப்பிடல."

நீ என்னிடம் சொல்லவேயில்லை. பெட்டி தொலைந்தது என்று மட்டும் சொன்னாய்.

கதை சொல்பவருக்கு அந்த விளையாட்டில் ஒரு வேஷமும் கிடையாது. பகடை அவருக்காக உருளுவதில்லை. எங்கள் எல்லாருடைய பெயரையும் கரும்பலகையில் உன் அழகான கையெழுத்தில் எழுதினாய். உன் பெயரை எழுத எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைமை என்று நான் பிற்பாடு எங்கெங்கோ போய் வகித்ததெல்லாம் அந்தப் படியில் நீ கேட்ட ஒரு கேள்வியை வைத்துத்தான். அதை உனக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதனால் காலம் கடந்தாவது சொல்லிவிடுகிறேன்.

அந்த டீக்கு மறுநாள் காலை, மாதையன் மனுவை வீசிய கையோடு, அடுத்த ஊருக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் வாங்கியதென்று சொல்லி மாதையன் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியதும், எட்டு மாதம் அதிகம் வாய் திறக்காத அந்த மனிதர், காற்றில் துண்டு பறக்க, பாட ஆரம்பித்தார். தாளம் தப்பித் தப்பிப் பாடினார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நீ அப்போது மாடியில் குனிந்து ஏதோ ஒரு கிராமத்தின் வரைபடத்தை மசியில் இழுத்துக்கொண்டிருந்திருப்பாய். உனக்கு அந்தப் பாட்டு கேட்டிருக்காது.

அது நீ செய்தது.