நடுவில் நின்றவனின் பின்புண் குறித்து இரு வேந்தர்க்கும் விடுத்த ஓலை

வானம் பிழையாதிருக்க, மேலாற்று வேந்தர், கீழாற்று வேந்தர் இருவர் களங்களிலும் நெல் குவிக. குறும்பொறை நாட்டு அவையில் இருந்தோர்: எம் மன்னர் வேங்கைக்கோ, மருத்துவர் நல்லந்தையார், மேலாற்றுத் தூதர் எயினனார், கீழாற்றுத் தூதர் கொற்றனார், காயம்பட்ட வீரனும் என் தங்கை மகனுமாகிய இளவெயிலன், இவ்வோலை எழுதும் முதலமைச்சன் மூவன்மாறன்.

எல்லை ஏரியில் உங்கள் யானைகளில் எது முதலில் நீர் குடிப்பது என்று நீங்கள் படை திரட்டியதையும், நீங்களே வேண்டிக்கொண்டபடி எம் வீரர் வாளை உறையோடு முடிச்சிட்டுக் கட்டி இரு படைக்கும் நடுவே நின்றதையும் மறந்திருக்கமாட்டீர். யானைகள் சேர்ந்தே குடித்தன. அம்பு விட்டவை யானைகள் அல்ல.

அன்று எம் வீரருள் பெருஞ்சாத்தன் மாண்டான். முடிச்சு அவிழாத வாளோடு அவனைச் சுமந்து வந்தோம். நடுகல்லில் ஓங்கிய வாளைச் செதுக்கப் புகுந்த சிற்பியைத் தடுத்து, கட்டிய வாளையே செதுக்கச் செய்தேன். ஓங்கிய வாள் எவன் கல்லிலும் உண்டு.

இளவெயிலன் பிழைத்தான். ஆனால் மார்பில் ஒரு புண், பின்னே ஒரு புண். புறப்புண் பட்டவனுக்குப் பொற்பூ சூட்டும் வழக்கம் எம் நாட்டில் இல்லை. புறப்புண் பட்டவன் எம் குடியிலேயே இல்லை. ஆதலால் யானே அவனை அவையில் நிறுத்தி, அது வந்த வகை யாதெனக் கேட்டேன்.

“இரண்டு பக்கமும் எதிரே இருந்தால் நான் எந்தப் பக்கம் மாமா முதுகை வைப்பேன்?” என்றான்.

அவை சிரித்தது. யான் சிரிக்கவில்லை. பின்னே தைத்த அம்பு எவருடையது என்று தூதர் இருவரையும் வினவினேன். மார்பில் தைத்ததே தம்முடையது என்று எயினனார் சூளுரைத்தார். இல்லை, அது தம்முடையதே என்று கொற்றனார் அதனினும் உரக்கச் சூளுரைத்தார். ஆகவே இரு படையில் எவரும் அவன் முதுகைக் கண்டதில்லை என்பது உங்கள் தூதர் வாய்மொழியாலேயே உறுதியாயிற்று. பொற்பூ சூட்டப்பட்டது.

இனி எம் மன்னர் ஆணை: வரும் முழுமதி நாளில் நீவிர் இருவரும் வில்லின்றி வந்து பெருஞ்சாத்தன் கல்லுக்குப் பூவிடுக. யானைகளும் வரலாம், அவற்றின் ஒழுக்கத்தில் எமக்குக் குறையில்லை. இதற்கு வேங்கை முத்திரை சான்று.

மேலும், மன்னர் இருக்கை காட்டியும் இளவெயிலன் அமராது நின்றது எம் குடிச் செருக்கினால் என்று உங்கள் ஊர்களில் பேசுவதாக அறிகிறேன். எம் குடிக்குச் செருக்கு உண்டு, இது அதுவன்று. அவனால் உட்கார முடியாது.