பாப்பிரஸும் ஒரு பத்திரிகையும்

டூரின், இத்தாலி
12.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு முத்துசெல்வி எழுதுவது.

என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அச்சாபீஸ் முகவரிக்குத் தபால் வந்தால், என்ன தாள் என்று உறையையாவது தடவிப் பார்ப்பீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இங்கே ஒரு மியூசியத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் சுருள்களில் உதிர்ந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் வேலை. பாப்பிரஸ் நம் குளத்துக் கோரைக்குச் சொந்தம்தான், ஆனால் ஆளைவிட உயரமாக வளரும். தண்டைச் சீவி, நெடுக்கும் குறுக்குமாக அடுக்கித் தட்டிக் காயவைத்தால் எழுதும் தாள். பெயர் கிரேக்கர்கள் சொன்னது. அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் பேப்பர், பிரெஞ்சில் பாப்பியே, ஸ்பானிஷில் பாப்பெல், எல்லாம் அதன் பிள்ளைகள். இத்தாலிக்காரர்கள் மட்டும் தாளைக் 'கார்த்தா' என்கிறார்கள். ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தென்காசியில் பாதிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தவர் நீங்கள். ஜஸ்டின் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையன் என்று என் கல்யாணத்துக்கு மட்டும் அடிக்கவில்லை. அதை இனிமேல் பேச மாட்டேன். ஒரே ஒரு தடவை, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு அது போதும்.

உங்கள் மகள்,
முத்துசெல்வி

தென்காசி
9.3.2024

மகள் முத்துசெல்விக்கு அப்பா எழுதுவது.

உறை நல்ல தாள்தான். பசை மட்டம்.

கார்டு, சார்ட் எல்லாம் உன் கார்த்தா வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். நம் கடுதாசியும் அந்த வழியில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்கிறார் காலேஜ் வாத்தியார் ஜெகதீஸ்வரன். காகிதம் வேறு பாதையாம், பாரசீகத்துப் பக்கம். போன வாரம் கடையநல்லூர் ஹாஜரா பீவி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தாள். "காயிதம் மழமழன்னு இருக்கணும் அண்ணாச்சி" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். கோரையை விட்டுவிட்டுக் கந்தல் துணியில் தாள் செய்யத் தொடங்கிய பிறகும் பழைய பெயரையே எதற்கு வைத்துக்கொண்டார்கள்? விவரமாக எழுது.

உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். "அங்கன குளிராமே, ரெண்டு பேருக்கும் கம்பளி இருக்கான்னு கேளுங்க" என்கிறாள். உனக்குக் கம்பளி இருக்கிறதா?

இப்படிக்கு,
பலவேசம்

டூரின்
3.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பதில் போட்டதே எனக்குத் திருவிழா. உங்கள் கடிதத்தை ஜஸ்டினுக்குப் படித்துக் காட்டினேன். பசை மட்டம் என்றதற்குச் சிரித்துச் சிரித்து இருமினார்.

கார்த்தாவும் பாப்பிரஸ் தாளுக்குக் கிரேக்கர்கள் வைத்த இன்னொரு பெயரிலிருந்து வந்ததுதான். இனி உங்கள் சந்தேகத்துக்குப் பதில். புதுத் தாளும் பழைய தாளின் வேலையையே செய்தது. அதனால் அந்தப் பெயரைச் சொல்லியே வீட்டுக்குள் விட்டுவிட்டார்கள். நீ எந்தச் சாதி என்று யாரும் கேட்கவில்லை. ஸ்பானிஷில் 'பாபிலோ' என்றால் விளக்குத் திரி. அதுவும் பாப்பிரஸிலிருந்து வந்ததுதான், அந்தத் தண்டின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றைத் திரியாகப் போட்டிருக்கிறார்கள். ரஷ்யாவில் 'பாப்பிரோசா' ஒரு வகை சிகரெட். இத்தாலியில் யாராவது நீட்டி எழுதினால் 'பாப்பிரோ' என்று கேலி செய்வார்கள். இந்தக் கடிதமும் அப்படித்தான் போகிறது.

நீட்டுவதற்குக் காரணம் உண்டு. ஜஸ்டினுக்கு நுரையீரலில் கட்டி என்கிறார்கள். முதியோர் இல்லத்து நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டார். தபால் வந்தால் முதலில், "மாமா என்ன எழுதிருக்காவ?" என்றுதான் கேட்கிறார். அடுத்த கடிதத்தில் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள், அப்பா. பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்,
முத்துசெல்வி

தென்காசி
2.7.2024

மகள் முத்துசெல்விக்கு,

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரலில் தாள் நமத்துப்போய் மெஷினில் இரண்டிரண்டாகப் போகிறது.

திரிக்கும் தாளுக்கும் ஒரே தாய் என்பது புதுச் செய்தி. வாத்தியாரிடம் சொன்னேன், அவருக்கே தெரியவில்லை. சாதி பற்றி நீ குத்தியது புரிகிறது. தாள் வேறு, வீடு வேறு.

சுக்கும் திப்பிலியும் பொடித்து உன் அம்மா பார்சல் கட்டியிருக்கிறாள். யாருக்கு இருமலோ அவர்கள் தேனில் குழைத்துச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
பலவேசம்

டூரின்
18.9.2024

அப்பாவுக்கு,

ஜஸ்டின் போன வியாழக்கிழமை இறந்துவிட்டார். இங்கேயே அடக்கம் செய்தோம். சுரண்டையில் அவர் அப்பா அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முத்துசெல்வி

தென்காசி
10.10.2024

அம்மா முத்துசெல்வி,

உன் கடிதம் வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டுச் சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். சம்பந்தி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர்கள் சர்ச்சில் வைத்த நினைவு ஜெபத்துக்குப் பத்திரிகையை நான் அடிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். அச்செழுத்துக் கோத்ததும் மெஷினில் நின்றதும் நான்தான். மேலே பிள்ளையார் சுழி இல்லை, சிலுவை போட்டிருக்கிறேன். "எங்கள் அன்பு மருமகன் ஜஸ்டின்" என்று இருக்கிறது. அடியில் உன் பெயர், மாமனார் பலவேசம், மாமியார் பார்வதியம்மாள். நம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடையம் வரைக்கும் போய்க் கையில் கொடுத்தேன். உன் சித்தப்பா இசக்கிதுரை, "கல்யாணத்துக்குச் சொல்லாத ஆளு, இதுக்கு எதுக்குண்ணே வீடு வீடா வருதீய?" என்றான். அவன் கையிலும் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை கடைசியில் எப்படி இருந்தார்? வலி இருந்ததா? ஊருக்கு வந்துவிடு, தாயி.

அப்பா

டூரின்
4.11.2024

அப்பாவுக்கு,

பத்திரிகை வந்தது. கையில் எடுத்ததும் தெரிந்தது, கல்யாணத்துக்கு என்று பெரிய இடத்துக்காரர்கள் கேட்டால் மட்டும் நீங்கள் எடுக்கும் கனத்த தாள்.

துக்கப் பத்திரிகையை வாசித்தவுடன் கிழித்துவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள். இரண்டு தடவை கிழிக்கப் போனேன். அவர் பெயரும் என் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து அச்சானது இது ஒன்றுதான். அலமாரியில் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டத்தான் கோடை முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை.

நான் ஊருக்கு வரவில்லை. அம்மாவை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணச் சொல்லுங்கள், அவளோடு பேசுவேன். நீங்கள் இனி எனக்கு எழுத வேண்டாம்.

முத்துசெல்வி ஜஸ்டின்