மீன் தராசும் மகளின் வில்லும்

செவ்வாய், யூன் 9

கச்சான் காற்று. எட்டு மணிக்கே பட்டறைத் தகரம் சுடுது. 15 குதிரை எஞ்சின் ஒன்று வந்தது, காபரேட்டர் அடைப்பு. நாளைக்குப் பார்ப்போம்.

எழுதவே வெட்கம். மகளின் வில்லைப் பின்வளவில் எடுத்து, அம்பு வைக்காமல் சும்மா இழுத்துப் பார்த்தேன். 48 வயது, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. கை வழுக்கிவிட்டது. அம்பில்லாமல் நாணை விடக்கூடாது என்று அவள் நூறு தரம் சொன்னதுதான். படார். நாண் அறுந்து என் காதைச் சுண்டியது. வில்லின் மேல் முனைச் சக்கரத்துக் கம்பியும் கழன்றது.

பக்கத்து வீட்டு றோசலின் அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவ. "என்ன தம்பி, சண்டை முடிஞ்சிட்டெண்டாங்க?"

மகள் ஜெனி பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தாள். 20ஆம் திகதி கொழும்பில் தெரிவுப் போட்டி. கிழக்கில் இருந்து போற பெண் பிள்ளை அவள் ஒருத்திதான். ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை. "நாந்தான் டடா உள்ளுக்க வைக்காமப் போன" என்றாள்.

காது இன்னும் கூவுது.

புதன், யூன் 10

சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் போகும்போது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த வில்லு இது. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த சாதி. பெட்டிக்குள் புது நாண் இருக்கு. ஆனால் வில்லின் வளையிற தகடு இரண்டையும் நெருக்கி வளைத்தால்தான் நாண் ஏறும். அதற்கு மெசின் வேணும். மெசின் கொழும்பில். அனுப்பி எடுக்க இரண்டு கிழமை.

என்னிடம் இருப்பது: எட்டாம் வகுப்பு, வெல்டிங் பிளான்ட். மெசின் செய்ய இது போதும்.

தேவை:
– 4 அடி கோண இரும்பு (பழைய படலை)
– கார் ஜாக் 1
– பெற்றோல் குழாய்த் துண்டு, தகடு கீறாமல் உறை போட
– பஞ்சு

பஞ்சு, தகட்டில் வெடிப்புப் பார்க்க. தடவினால் வெடிப்பில் சிக்கும். தடவினேன், சிக்கவில்லை. மாதாவுக்கு மெழுகுதிரி நேர்த்தி.

வெள்ளி, யூன் 12

நேற்று முதல் சோதனை. வில்லு மெசினை விட்டுப் பாய்ந்து மனுசியின் மிளகாய்ச் சாடியில் விழுந்தது. வில்லுக்கு ஒன்றும் இல்லை. சாடி போயிற்று. அவ விளக்குமாற்றை என் கையில் தந்துவிட்டுப் போனா.

இன்று மெசினின் இரண்டு கைகளுக்கும் கொக்கி வைத்து ஒட்டினேன். வில்லின் இரண்டு முனையையும் கொக்கி பிடிக்க, ஜாக் நடுப்பிடியைத் தள்ளும். தகடு வளைய வளைய முனைகள் கிட்ட வரும். பத்து நிமிசத்தில் புது நாண் ஏறிற்று. ஜெனி சுற்றி வந்து பார்த்துவிட்டு மெசினுக்கு முதலை என்று பெயர் வைத்தாள். வாயைத் திறந்துகொண்டு கிடக்குதாம்.

கொழும்பு மெசின்காரர் வந்து பார்க்கட்டும்.

சனி, யூன் 13

நாண் மாற்றினால் இழுப்புப் பாரத்தைத் திரும்ப வைக்கவேணும். ஜெனி இழுக்கிறது 40 றாத்தல். வில்லுப் பழக்குற ரீச்சர் சொன்ன கணக்கு, கிலோவாக்க 2.2ஆல் பிரி. கரிக்கட்டியால் சுவரில் பிரித்தேன். 18 கிலோ, கொஞ்சம் கூட. ஜெனி பார்த்துச் சரி என்றாள்.

கொக்கித் தராசு சந்திரன் மச்சானிடம் இரவல் வாங்கினேன். கல்லடிக் கரையில் மீன் வாங்கி விக்கிறவன். பலகையில் வில்லைப் படுக்க வைத்துப் பூட்டி, படகு இழுக்கிற சின்ன வின்ச்சால் நாணை இழுத்தேன், நடுவில் தராசு. முள்ளு 18க்கு வரும் வரைக்கும் தகட்டு ஆணியை இறுக்கினேன். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. மணிக்கூடு மாதிரி.

ஞாயிறு, யூன் 14

பூசை முடிய வாவிக்கரையில் பயிற்சி. ஆறு அம்பில் இரண்டு குறி ஒட்டின சாக்கிலேயே படவில்லை. ஒன்று தண்ணிக்குள். கை ஆடுது, பிடித்து நிற்க முடியவில்லை. "வில்லு சரி டடா. என்ட கைக்குத்தான் பலமில்ல."

நானும் மடையன். முட்டை தின்னு என்றேன்.

செவ்வாய், யூன் 16

காலையிலும் பின்னேரமும் இரண்டு வாளி தண்ணி தூக்கி நடக்கிறாள். சோற்றுக் கோப்பை பிடிக்கையில் கை நடுங்குது. போட்டிக்குப் போகவில்லை என்று ரீச்சரிடம் சொல்லச் சொல்லித் தாயிடம் கேட்டாளாம்.

எதுக்கும் தான்தான் பிழை என்பாள். டச்பாரில் இருந்த காலம், சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போற வழியில் பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டேன் என்றாள். நான் எடுத்து வாறன் என்று தமையன் கிறுகி வீட்டுக்கு ஓடினான். கடல் வந்தது. அவன் வரவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு. அதைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டாள். ஒரு தட்டு உடைந்தாலும் நான்தான் என்பாள்.

இந்தப் பக்கத்துக்கு மேல் இன்று எழுத ஏலாது.

புதன், யூன் 17

மனுசி ஐந்து கிலோ மா வாங்கி வந்தா, கட்டுப் பிரிக்காத பை. தராசு சும்மாதானே தொங்குது என்று கொழுவினா. நாலரை. கடைக்காரனை ஏசத் தொடங்கினா. எனக்குத் தராசில் சந்தேகம். பத்து லீற்றர் கான் நிறையத் தண்ணி பிடித்துக் கொழுவினேன். ஒன்பது.

அப்போ என் 18, உண்மையில் 20. பிள்ளை நாலு நாளாய் இழுத்தது 44 றாத்தல்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திரனிடம். அவன் சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. "நீ கேக்கல்லயே மச்சான். அது நான் மீன் வாங்குற தராசு. விக்கிற தராசு மற்றது."

அடிக்கவும் முடியவில்லை. வந்த சிரிப்பை வீதி வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கரையில் எத்தனை பேரின் மீன் அந்த முள்ளில் குறைந்ததோ என்று மறுகாதான் நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆணியைத் தளர்த்தி முள்ளை 16¼க்கு, அதாவது உண்மையான 18க்கு, கொண்டுவந்தேன். பின்னேரம் ஆறு அம்பு. குறியின் நடு மஞ்சளுக்குள் நாலு, அடுத்த சிவப்பில் இரண்டு. கை ஆடவில்லை. தராசுக் கதையைச் சொன்னேன். தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா, ஜெனியும் சிரித்தாள். சிரித்து முடிய: "நானும் ஒருக்கா நிறுத்துப் பாத்திருக்கணும்."

வியாழன், யூன் 18

பொலிசில் வில்லுக்குக் கடிதம். சண்டை முடிந்து ஒரு மாதம், வில்லுக்கு இன்னும் கடிதம் வேணும். பொலிஸ் ஐயா, இதால் சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். நான் நாண் சுண்டிய காதைக் காட்டினேன். சிங்களத்தில் அடித்துத் தந்தார்.

வில்லுக்குப் பிளைவூட் பெட்டி. உள்ளே பழைய போர்வை. முதலையை எண்ணெய் பூசி மூடினேன்.

வெள்ளி, யூன் 19

காற்று இல்லை. காலை பஸ். ரீச்சர் முன் சீற்றில் இடம் பிடித்து வைத்திருந்தா. மனுசி இடியப்பம் கட்டிக் கொடுத்தா, நாலு பேர் தின்னலாம். மன்னம்பிட்டிச் சோதனைச்சாவடியில் இறக்கிப் பார்ப்பாங்கள், கடிதத்தை மேலே வை என்றேன்.

பெட்டியை ஏற்றும்போது கேட்டாள், ஆணி எல்லாம் இறுக்கித்தானே டடா?

"ஓம் மகள். உன்ட டடா இறுக்கினா கொழும்பில ஒருத்தனாலயும் கழட்டேலாது."

சிரித்துக்கொண்டு ஏறினாள். யன்னலால் கை காட்டினாள். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

ஒன்று சொல்ல இருந்தது. சொன்னால் வில்லில் சந்தேகம் வரும், சந்தேகத்தோடு இழுத்தால் கை ஆடும். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அங்க அம்பு விலகிப் போனா அது நான் பூட்டின வில்லு, மகள். பிழை என்ட. உன்ட இல்ல.