தர்முவின் புது அரசி

1982 ஆனி 6, ஞாயிறு

சோளகக் காற்று பலம். வாசல் படலை இரண்டு தரம் விழுந்தது. பின்னேரம் தர்மு வீட்டில் வீடியோ. லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கம் போட்ட நாடகம். தர்மு அங்கிருந்து வீடியோக் கொப்பி அனுப்பியிருக்கிறான். ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் அவன் குரல்.

பதினெட்டு வருடம் ஊர் மேடையில் அவன் அரசன், நான் அரசி. இப்போது அரசி ஓர் உண்மையான பெண். முப்பது வயது இருக்கும்.

பின்னால் யாரோ: "இதெல்லோ அரசி! எங்கட சிவம் அண்ணை மீசையை வழிச்சுப்போட்டு நிண்டது நினைவிருக்கோ?"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் என் மனைவி கமலாவும். நானும் சிரித்தேன்.

7, திங்கள்

பஸ் பிந்தியது. கந்தோரில் வேலையில் மனம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் குறைகள்:
1. சொல்லை விழுங்குகிறாள்.
2. நடை அவசரம்.
3.
மூன்றாவது கிடைக்கவில்லை.

8, செவ்வாய்

தர்முவின் மனைவி புஷ்பம் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். போனேன். அவளின் தாய் குசினிக்குள் சமையலில். புஷ்பம் கடைசிக் கட்டத்தை மட்டும் திரும்பப் போட்டாள். இறந்த அரசியை மடியில் வைத்து அரசன் அழுவது.

"நீங்கள் அவரோட நடிச்ச ஆள். உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. இது நடிப்போ?"

தர்முவின் இடது கை தெரிந்தது. பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தது. நடித்து அழும்போது மட்டும் அப்படிப் பிடிப்பான். அவன் தாய் செத்த அன்று அவன் கை விரிந்தே கிடந்தது. எனக்குத் தெரியும்.

"நடிப்பு மாதிரித் தெரியேல்லை, தங்கச்சி" என்றேன்.

அவள் அழவில்லை. ரீவியைத் துணியால் மூடினாள்.

10, வியாழன்

விடிய படலையடியில் புஷ்பம். கையில் தர்முவுக்கு ஒட்டிய கடிதம். என்னை யாழ்ப்பாணத்தில் தபாலில் போடட்டாம்.

"இனி வரத் தேவையில்லை எண்டு எழுதிப்போட்டன்."

தபால் பெட்டியை இரண்டு தரம் கடந்து நடந்தேன். கடிதம் சட்டைப் பையில்.

11, வெள்ளி

கமலாவிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

"உங்களுக்கு ஆரில எரிச்சல்? அந்தப் பொம்பிளையிலையோ, தர்முவிலையோ?"

இரவல் கொடுத்த மண்வெட்டி இன்னும் வரவில்லை என்று ஏதோ கதை மாற்றினேன்.

12, சனி

காலையே புஷ்பத்திடம் போனேன். கடிதத்தை நீட்டினேன்.

"போடேல்லையோ?"

"இல்லை. நான் சொன்னது பொய். அது நடிப்புத்தான். அவன்ர இடக்கையைப் பாரும், விளங்கும்." பெருவிரலைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அந்தப் பிள்ளை என்னைவிட நல்லா நடிக்குது."

கடிதத்தைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். இல்லை. மடித்து இடுப்பில் செருகினாள்.

"நாலு நாள், அண்ணை. நாலு நாளா அந்த மனிசனை வெறுத்துக்கொண்டு இருந்தனான்."

நான் எழும்பினேன். அவள் இருங்கோ என்று சொல்லவில்லை. வந்துவிட்டேன்.